சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்தால்: உங்கள் வீட்டு, அலுவலக அனுபவங்களைச் சொல்லுங்கள்

நல்லூரிலிருந்து

எங்கள் வீட்டு ரிவி போன மாரியில் ஒரு நாள் இரவு மக்கர் பண்ணத் தொடங்கியது. போட்டால் சில விநாடிக்குச் சத்தம் வரும், படம் வராது, பிறகு தானாக நின்றுவிடும். கீழ்ச் சட்டத்தில் உள்ள சிவப்பு லைட் மட்டும் விட்டு விட்டு எரியும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமா பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். தம்பி றிமோட்டுக்குப் பற்றரி மாற்றினான். அம்மா "விடிஞ்சாப் பிறகு பாப்பம், படுங்கோ" என்றார்.

அடுத்த நாள் ரவுணில் ஒரு கடையில் விசாரித்தோம். ரிவியைக் கண்ணால் பார்க்காமலே "மெயின் போர்ட் போயிருக்கும், புதுசு வாங்கிறதுதான் லாபம்" என்றார்கள். பிறகுதான் கொக்குவிலில் உள்ள ஒரு அண்ணையோடு தொலைபேசியில் கதைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "எத்தினை தரம் மினுங்கி நிக்குது?" என்பதுதான். எண்ணினோம். ஆறு தரம், ஒரு இடைவெளி, திரும்பவும் ஆறு. "சரி, அறை லைட்டை நூர்த்துப்போட்டு ரிவியைப் போடுங்கோ. சத்தம் வாற நேரத்துக்குள்ள ரோச் லைட்டைத் திரைக்குக் கிட்டச் சாய்வாகப் பிடிச்சுப் பாருங்கோ" என்றார். பார்த்தால், செய்தி வாசிக்கிறவரின் தலையும் தோளும் மங்கலாகத் தெரிகிறது! படம் இருக்கிறது, பின்னாலிருந்து அடிக்கிற வெளிச்சம்தான் இல்லை. எல்இடி பட்டிகளை மாற்றியதோடு வேலை முடிந்தது. அதே போர்ட்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

அந்த அண்ணையும் இங்கே இருக்கிறார். மற்றவர்களும் உங்கள் கதைகளை எழுதுங்கள்.

கொக்குவிலிலிருந்து, ரிவி திருத்துகிற ஆள்

தங்கச்சி என்னை இழுத்துவிட்டா, சரி எழுதுகிறேன்.

ரிவிக்குள்ளே இருக்கிற பாதுகாப்புச் சுற்று ஏதாவது ஒரு பகுதியில் பிழை கண்டால் முழுவதையும் நிறுத்திவிட்டு, அந்தப் பகுதிக்குரிய எண்ணிக்கையை லைட்டால் காட்டும். சோனி பிராவியாவில் இது 2 தொடக்கம் 8 வரை வரும். எந்த எண்ணுக்கு எந்தப் பகுதி என்பது மொடலுக்கு மொடல் மாறும். ஆகவே ஆறு என்றால் எல்லா ரிவிக்கும் ஒரே நோய் என்று எடுத்துவிடாதீர்கள். ரிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்குப் பிரயோசனம். லைட் வீட்டு இலக்கத்தைச் சொல்லும், எந்த அறைக்குள் கள்ளன் நிற்கிறான் என்று சொல்லாது. பவர் போர்ட் என்று காட்டும், திறந்து பார்த்தால் ஒரு கண்டென்சர், அதாவது கறண்டைத் தேக்கி வைக்கிற உருளை, தலை வீங்கிப் போயிருக்கும். அல்லது ஒரு பல்லி செத்துக் கிடக்கும். சிரிக்க வேண்டாம், எங்கள் ஊரில் பல்லியும் எறும்பும் பார்த்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. சூட்டுக்குப் போர்டுக்குள் புகுந்து இரண்டு முனையில் காலை வைத்தால் முடிந்தது கதை.

கடற்கரைப் பக்கம் வேறு மாதிரி. குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறையிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் ஈயம் வைத்த இடங்களில் பச்சையாகப் பூத்திருக்கும், உப்புக்காற்றின் வேலை. அங்கே லைட் ஒரு நாள் நாலு காட்டும், மறு நாள் இரண்டு காட்டும். எண்ணிக்கை நிலையில்லாமல் மாறினால் நான் முதலில் துருவைத்தான் தேடுவேன்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின காலம் நினைவிருக்கும். கறண்ட் போன நேரத்தைவிடத் திரும்பி வந்த நேரத்தில்தான் சாமான்கள் பழுதாயின. கறண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி வைத்தவர்கள் தப்பினார்கள்.

இன்னொன்று. லைட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம். 230 வோல்ட்டில் ஓடுகிற பவர் போர்டில் பெரிய கண்டென்சருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றின பிறகும் அது அடிக்கும்.

சாவகச்சேரியிலிருந்து

என்னுடையது இணையப் பெட்டி. ஃபைபர் இணைப்பு. ஒரு காற்று நாளுக்குப் பிறகு இணையம் இல்லை. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு மினுங்குகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால் அந்தப் பிள்ளை பாவம், கையில் இருக்கிற தாளைப் பார்த்து "மேடம், ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்கிறா. நாலாவது தரமும் அதே வசனம். மகன்தான் தொலைபேசியை வாங்கி, "அக்கா, எல்ஓஎஸ் சிவப்பு, பக்கத்தில் பொன் (PON) என்று எழுதின லைட் எரியவே இல்லை. இது வயர் அறுந்த கேஸ்" என்றான். மறுமுனையில் உடனே குரல் மாறியது, முறைப்பாட்டு இலக்கம் வந்தது, அடுத்த நாள் ஆட்களும் வந்தார்கள். பக்கத்து வளவில் காவோலை ஒன்று விழுந்து வயரை இழுத்து, கம்பத்துக்குக் கிட்ட முறித்திருந்தது. வெளித்தோல் முழுதாக இருந்தது, உள்ளே உள்ள கண்ணாடி இழைதான் போயிருந்தது.

வந்த தம்பி சொன்னது: எல்ஓஎஸ் சிவப்பு என்றால் வெளிச்சம் வீட்டுக்கே வந்து சேரவில்லை. எல்ஓஎஸ் நூர்ந்து பொன் மட்டும் மினுங்கினால் வெளிச்சம் வருகிறது, கம்பனிப் பக்கத்தில் பெட்டி பதிவாவதில்தான் சிக்கல், அதை அவர்கள் அங்கிருந்தே பார்க்கலாம். சோபாவை அரக்கும்போது வயர் மடிந்தாலும் இதே சிவப்பு வருமாம். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னான். அதில் வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை, தெரியாததால் ஆபத்தில்லை என்று நினைக்கக்கூடாதாம்.

கரவெட்டியிலிருந்து

எங்கள் கதை மீற்றர் பெட்டியில் தொடங்கியது. இரண்டு மாதமாக கறண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. மீற்றர் பழுது என்று ஐயா எழுதிக் கொடுக்க வெளிக்கிட்டார். மருமகன் "பொறுங்கோ மாமா, இரவைக்கு லைட்டை எண்ணிப் பாப்பம்" என்றார்.

புது மீற்றர்களில் ஒரு சின்னச் சிவப்பு லைட் இருக்கிறதல்லவா? பக்கத்தில் 1600 இம்ப் என்று எழுதியிருக்கும், சிலதில் 3200. எங்களுடையது 1600. அது 1600 தரம் மினுங்கினால் ஒரு யூனிற். அதாவது 1000 வாட் சாமான் ஒன்று ஓடினால் இரண்டேகால் விநாடிக்கு ஒருக்கா மினுங்கும். குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடினால் பதினைந்து, இருபது விநாடிக்கு ஒருக்கா மினுங்கினாலே பெரிய விஷயம்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு போய்ப் பார்த்தால் லைட் இரண்டரை விநாடிக்கு ஒருக்கா மினுங்குகிறது! மருமகன் ட்ரிப் சுவிச்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அறைகள், குசினி, முன்விறாந்தை, ஒன்றுக்கும் லைட் மினுங்குவது நிற்கவில்லை. மோட்டருக்கு உரியதை இறக்கியதும் நின்றுவிட்டது. எங்களுடையது குழாய்க்கிணறு, மோட்டர் நிலத்துக்குக் கீழே, சத்தமே கேளாது. மேல் தாங்கியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிறுத்துகிற மிதவை சிக்குப்பட்டிருந்தது. நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கே போகிறது? குழாய் பின்வளவு வாழைப் பாத்திக்குள் விட்டிருக்கிறது. வாழை அந்த முறை மதாளித்து நின்றதைப் பார்த்து அம்மா மாட்டெருவைப் புகழ்ந்துகொண்டிருந்தா.

கறண்ட் காசு போனது ஒரு பக்கம். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழையால் சேர்ந்து நிற்கிற நல்ல தண்ணியை இரவிரவாக இறைத்து ஊற்றியதுதான் ஐயாவுக்குத் தாங்கவில்லை. கரையோரம் இப்படி இறைத்தால் கிணறு உவராகிவிடும் என்று அவர் இன்னமும் பிரசங்கம் வைக்கிறார்.

மானிப்பாயிலிருந்து

எங்கள் சாமி அறை பல்ப் நூர்த்த பிறகும் இரவில் பளிச் பளிச் என்று மினுங்கும். அப்பம்மா விபூதி போட்டு, ஒரு நேர்த்தியும் வைத்துவிட்டா. வயரிங் செய்கிற பெடியன் வந்து சுவிச்சைப் பார்த்துச் சிரித்தான். இருட்டில் தெரியட்டும் என்று சுவிச்சுக்குள் ஒரு குட்டி நியோன் லைட் வைத்திருக்கிறார்கள். அதனூடாகப் போகிற துளிக் கறண்ட் எல்இடி பல்புக்குள் சேர்ந்து சேர்ந்து ஒரு தரம் பளிச்சிடும், திரும்பச் சேரும். சாதாரண சுவிச் போட்டதும் நின்றுவிட்டது. லைன் வயருக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிச் வைத்திருந்தாலும் இப்படி நடக்குமாம். அப்பம்மா நேர்த்தியை எப்படியும் செய்துவிட்டா, வைத்தது வைத்ததுதானாம்.

ஒரு பாடசாலை அலுவலகத்திலிருந்து

எங்கள் எப்சன் எல் வரிசைப் பிரின்டரில் மை லைட்டும் தாள் லைட்டும் மாறி மாறி மினுங்கின. இரண்டும் ஒன்றாக மினுங்குவது வேறு, மாறி மாறி மினுங்குவது வேறு. மாறி மாறி என்றால், மை அடிக்கிற தலையைப் பிரின்டர் தானே கழுவும்போது வழிகிற மையை உறிஞ்சுகிற பஞ்சு நிறைந்துவிட்டது அல்லது நிறையப் போகிறது என்று பிரின்டர் கணக்குப் பார்த்துச் சொல்கிறது. கடையில் கணினியால் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கித் தந்துவிட்டார்கள். பஞ்சைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் அடிக்கிற கிழமையில் பிரின்டருக்கு அடியிலிருந்து கறுப்பு மை மெல்ல ஊறி, மேசை விரிப்பு, வரவுப் பதிவேடு என்று எல்லாவற்றையும் நனைத்தது. கணக்கை அழிப்பவர்களிடம் பஞ்சையும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

லண்டனிலிருந்து

உரும்பிராயில் அம்மா தனியே. ஏதாவது பழுதென்றால் வீடியோ அழைப்பில் என்னிடம்தான் முறைப்பாடு. "லைட் எத்தினை தரம் மினுங்குது அம்மா?" என்றால் "அது கனக்க மினுங்குது" என்பா. இப்போது கேட்பதில்லை. தொலைபேசியை லைட்டுக்கு நேரே ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லி, பதிந்து, பிறகு ஆறுதலாக எண்ணுகிறேன்.

றிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் இதே வழி. றிமோட்டின் மூக்கைத் தொலைபேசியின் முன் கமெராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அமத்தச் சொன்னால் ஊதா நிறத்தில் மினுங்குவது தெரியும். மினுங்கினால் றிமோட் நல்லது, பிழை ரிவியில். பின் கமெராவில் பல தொலைபேசிகள் அந்த வெளிச்சத்தை வடித்துவிடும், ஆகவே முன் கமெராவே நல்லது.

திருநெல்வேலியிலிருந்து, கம்பஸ் மாணவன்

டெல் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு: திரை கறுப்பாக இருந்து, பற்றரி லைட் மஞ்சளாக 2, வெள்ளையாக 3 மினுங்கினால் நினைவகம் (ராம்) அகப்படவில்லை என்று அர்த்தம். என்னுடையதில் ராமைக் கழற்றி, தொடுமுனையை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போட்டதோடு சரி.

அண்ணை, ஒரு கேள்வி. கறண்ட் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்குகிற யூபிஎஸ் பெட்டி ஒன்று எங்கள் அறையில் சிவப்பு மினுங்கி இடைக்கிடை கத்துகிறது. கறண்ட் போன உடனேயே கணினியும் நூர்ந்துவிடுகிறது. எறிவதா, திருத்துவதா?

கொக்குவிலிலிருந்து, ரிவி திருத்துகிற ஆள்

தம்பி, எறிய வேண்டாம். அநேகமாகப் பற்றரிதான். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று இருக்கும், எங்கள் சூட்டுக்கு மூன்று வருடம் தாக்குப் பிடித்தாலே கெட்டிக்காரப் பற்றரி. வோல்ட் மீற்றர் வைத்துப் பார்த்தால் சும்மா இருக்கும்போது 12.7 காட்டும், ஏமாந்துவிடாதே. காரின் பல்ப் ஒன்றை அதற்குக் கொடுத்துப் பார். மளமளவென்று 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பற்றரி முடிந்தது. பக்கம் வீங்கியிருந்தால் சோதிக்கவும் வேண்டாம், மினக்கெடாமல் மாற்று. பழையதைக் குப்பைக்குள் போடாதே, பற்றரிக் கடையில் பழைய ஈயத்துக்கு ஏதோ கழித்துத் தருவார்கள். புதுசு போட்ட பிறகும் அதே சிவப்பு மினுங்கினால் மட்டும் பெட்டியைக் கொண்டு வா. ஞாயிறு கடை பூட்டு.