உப்புக் காற்றில் குளிர்பெட்டி: இராமநாதபுரம் கடற்கரைக் கடைக்காரர்களின் அனுபவப் பகிர்வு

மண்டபம், குளிர்பெட்டிப் பழுதுபார்ப்பவர்:

தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் உணவகம், மீன் கடை, பேக்கரி ஆகியவற்றின் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "கேஸ் தீர்ந்துவிட்டது, வந்து நிரப்பிக் கொடுங்கள்" என்றே தொடங்குகின்றன. வண்டிக்கு ஊற்றும் டீசலைப் போல எரிந்து தீருகிற பொருள் அன்று அது. கம்ப்ரசர் அழுத்தி அனுப்ப, கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, மெல்லிய கேப்பிலரிக் குழாய் வழியே சென்று, பெட்டிக்குள் ஆவியாகி, மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்பும் அந்த வாயு, சுற்று மூடியிருக்கும் வரை ஒரு கிராம்கூடக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போவது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து.

பாம்பனில் சாலையோர உணவகம் ஒன்றின் நான்கு கதவு ஸ்டீல் ஃபிரிட்ஜுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை யாரேனும் வந்து கேஸ் ஏற்றிவிட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு கீழ்த்தட்டில் வைத்த பால் திரியத் தொடங்கியிருக்கிறது. நான் சென்றபோது முதலில் பெட்டியை நகர்த்திப் பின்புறத்தைப் பார்த்தேன். சமையலறையின் பின்கதவு தென்கடலை நோக்கித் திறந்திருக்க, அக்கதவுக்கு நேர் எதிரே கண்டென்சர் இருந்தது. அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. செப்புக் குழாய் வளைவுகளில் பச்சை நிறம் படிந்திருந்தது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகி, இரண்டில் வலுவற்ற அலுமினியம் கரைந்துபோகும். தகடு போனால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் ஏற்கெனவே நொய்ந்துபோன குழாய் ஒழுகத் தொடங்கும். உலோகம் அரிக்கும் வேகத்தை ஆராய்வதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. நம் காற்று எத்தகையது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சுற்றுக்குள் நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் பிடித்து, சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் வளைவு ஒன்றில் குமிழி எழுந்தது. (இந்தச் சோதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். உங்கள் கடையில் யாராவது அப்படிச் செய்ய முற்பட்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.) அக்கண்டென்சரை ஒட்டிச் சரிசெய்வது வீண் என்று சொல்லி, எபாக்சி பூச்சுள்ள புதியதைப் பொருத்தினோம். சுற்றைத் திறந்தாலே, ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்ற வேண்டும். அதையும் மாற்றி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் பம்ப்பை, உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும் வரை ஓடவிட்டு, பெயர்ப்பலகையில் குறித்திருந்த எடையைத் தராசில் நிறுத்து கேஸை ஏற்றினோம். வாக்குவம் போடாமல் விட்டால் உள்ளே தங்கும் ஈரம் கேப்பிலரி முனையில் பனியாக உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். இறுதியாக, ஃபிரிட்ஜைக் கடல் காற்று நேரே படாத பக்கச் சுவருக்கு, பின்னால் அரையடி இடைவெளி விட்டு மாற்றி வைத்தோம். செலவில்லாத வேலை இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தந்ததும் இதுவே என்று நினைக்கிறேன்.

இராமேசுவரம், சைவ உணவகம் நடத்துபவர்:

அண்ணன் எழுதியதைப் படித்தபின், கேஸுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பழுதைப் பற்றி எழுதத் தோன்றியது. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாள்களில் எங்கள் ஊரில் கூட்டம் அலைமோதும் என்பது அனைவரும் அறிந்ததே. முந்தைய இரவே மாவு அரைத்து, காய்கறி நறுக்கி, தயிர் உறையூற்றி, ஃபிரிட்ஜ் கொள்ளாத அளவுக்கு அடுக்கி வைப்போம். அப்படியோர் அமாவாசைக்கு முன்னிரவில் உள்ளே இருந்த இட்லி மாவு பொங்கி வழிந்து, விடிவதற்குள் புளித்துவிட்டது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் உள்ளே குளிர் இல்லை.

பழுதுபார்க்க வந்தவர் கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டரைத் தொடவே இல்லை. உள்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். எவாப்பரேட்டர் என்னும் உள்பக்கக் குளிர்க்குழாய் முழுவதும் சுவர் போலப் பனிக்கட்டி மூடி, காற்றாடி சுழன்றாலும் காற்று புக இடமில்லாமல் இருந்தது. ஆறாத சாம்பாரையும் குருமாவையும் மூடியில்லாப் பாத்திரங்களில் உள்ளே வைத்ததால் எழுந்த நீராவியும், கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்ததால் புகுந்த கடற்கரை ஈரக் காற்றும் சேர்ந்து பனியாகப் படிந்திருக்கின்றன. டிஃப்ராஸ்ட் ஹீட்டர் நல்ல நிலையில்தான் இருந்தது. அது உருக்கிய நீர் வெளியேறும் குழாயில் கறிவேப்பிலையும் மாவுப் பசையும் அடைத்திருந்தபடியால், உருகிய நீர் அங்கேயே மீண்டும் உறைந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றி உருக்கி, குழாயை ஊதி, ரப்பரை மாற்றினார். கத்தியாலோ திருப்புளியாலோ பனியைக் குத்தி எடுக்கக் கூடாது, குழாய் ஓட்டையாகிவிடும் என்று எங்கள் சமையலறைப் பையன்களிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லிச் சென்றார்.

ரப்பரைச் சோதிக்க அவர் காட்டிய வழி எளிது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்க வேண்டும். தாள் தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. வெளியே ஒளிரும் எண்ணை நம்பாமல், உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறோம். குளிர்வித்த உணவு 5 டிகிரிக்குக் கீழேயும் சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயும் இருக்க வேண்டும் என்ற விதியை அதிகாரிகளுக்காக மட்டும் பின்பற்றினால் போதாது. தொலைவிலிருந்து குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்து நம்மை நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்காகப் பின்பற்ற வேண்டும்.

பாம்பன், மீன் வியாபாரம் செய்யும் பெண்:

தெற்குவாடியில் மீன் எடுத்து, உணவகங்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது என்பதால் என் பெரிய டீப் ஃப்ரீசரை நிறுத்திவைப்பது வழக்கம். தடை முடிந்து முதல் மீன் வரும் நாளில் அதைப் போட்டால், கிணுகிணுவென்று சத்தம் கேட்டு, சில நொடிகளில் 'டக்' என்று நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம். விலை நன்றாக இருக்கும் அந்த நாளில் எனக்கு ஏற்பட்ட பதைப்பைச் சொல்லி முடியாது.

பழுதுபார்த்தவர் சொன்ன காரணங்கள் இரண்டு. மூடிக் கிடந்த நாள்களில் எலி புகுந்து கம்ப்ரசருக்குப் போகும் வயரைக் கடித்திருந்தது. கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலேயின் முனைகளிலும் உப்பு பூத்திருந்தது. இவை போதாவென்று, சோளகக் காற்று வீசும் அந்நேரத்தில் எங்கள் தெருவில் மின்னழுத்தமும் தாழ்ந்திருந்தது. மின்னழுத்தம் தாழ்ந்தால் கம்ப்ரசரால் கிளம்ப முடியாது, கிளம்ப முயன்று சூடேறும், சூடேறினால் பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்திவிடும் என்றார். அதன்பின், மின்சாரம் போய் வந்தால் சில நிமிடங்கள் பொறுத்து இணைக்கும் ஸ்டெபிலைசரை வாங்கி வைத்தேன்.

அதே நாளில் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஃப்ரீசரின் எர்த் வயர் துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நாங்கள் நாள் முழுவதும் தொடுகிற பெட்டி அது. என்னைப் போன்ற பெண்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எர்த்தைச் சோதித்து, 30 மில்லியாம்ப் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மீனைப் பற்றியும் ஒரு சொல். டீப் ஃப்ரீசர் உறைந்த மீனை உறைந்தபடி வைத்திருக்கச் செய்த பெட்டி. வெயிலில் கிடந்த கூடைமீனை மொத்தமாகக் கொட்டினால் அது திணறும், ஏற்கெனவே உறைந்திருந்த மீனும் இளகிப்போகும். முதலில் ஐஸில் நன்றாகக் குளிரவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வைப்பதே சரி. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில்லாமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும். அதன்பின் உறையவைத்தாலும், கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் அது போகாது. எங்கள் பெட்டி நின்றுபோனால் நாங்கள் முதலில் இந்த மீன்களைத்தான் ஐஸுக்கு மாற்றுகிறோம்.

கீழக்கரை, குளிர்பானக் கடை வைத்திருப்பவர்:

என் அனுபவம் சிறியது; ஆனால் அச்சம் தந்தது. கண்ணாடிக் கதவு கூலர் குளிரவில்லை என்று ஒருவரை அழைத்தேன். அவர் வந்ததும் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் குழாயைச் சூடாக்கப் போனார். தற்செயலாக அங்கே நின்ற என் மைத்துனர், கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் வரைந்த சிறு ஒட்டுத்தாளைக் கண்டு கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அதில் ஆர்-290 என்று அச்சிட்டிருந்தது. இப்படிப்பட்ட பெட்டிகளை என்ன செய்வது, பழைய கேஸுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மண்டபத்து அண்ணன் விளக்க வேண்டுகிறேன்.

மண்டபம், குளிர்பெட்டிப் பழுதுபார்ப்பவர்:

பாய், உங்கள் மைத்துனர் ஒரு பெரிய விபத்தைத் தடுத்திருக்கிறார். ஆர்-290 என்பது புரொப்பேன், தீப்பற்றும் வாயு. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அப்படியிருந்தும் இன்று பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. குளிர்பெட்டிகளில் பயன்படும் ஆர்-404ஏ வாயு புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 3,900 மடங்குக்கு மேல். புரொப்பேனுக்கு அது மிகச் சொற்பம். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் உருவான கிகாலி திருத்தம் என்ற உலக நாடுகளின் உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது. ஆகவே இந்தப் பெட்டிகள் நம் ஊர்களில் இனிப் பெருகவே செய்யும். இத்தொழிலில் இருக்கும் நாங்கள் அனைவரும் இதற்கான முறையைக் கற்றே ஆக வேண்டும்.

இந்தச் சுற்றைத் தீயால் திறக்கக் கூடாது. பெட்டியைக் காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கொண்டுவந்து, அருகில் அடுப்போ பீடியோ இல்லாதபடி பார்த்துக்கொண்டு, கேஸை வெளியேற்றி, நைட்ரஜன் செலுத்திச் சுத்தப்படுத்திய பிறகே குழாயைக் கட்டரால் வெட்ட வேண்டும். கடையின் உள்ளறையில், தேநீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வேறு கேஸுக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. கம்ப்ரசர், கேப்பிலரியின் நீளம், எண்ணெய் யாவும் ஒரு வாயுவுக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. இதைவிட ஆபத்தானது, மலிவாகக் கிடைக்கிறதென்று தீப்பற்றாத ஆர்-134ஏ வாயுவுக்கென்று செய்த பெட்டியில் புரொப்பேனை ஏற்றுவது. அந்தப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் பொறி விடக்கூடியவை, ஒட்டுத்தாளும் பழைய பெயரையே காட்டும், அடுத்து வரும் பழுதுபார்ப்பவர் எதையும் அறியாமல் டார்ச்சைப் பற்றவைப்பார்.

பாம்பன் அக்காவுக்கு: தடைக்காலத்தில் நிறுத்தும்போது ஃப்ரீசரைக் கழுவி உலர்த்தி, மூடியை ஒரு கட்டையால் சற்றே தூக்கி வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. கண்டென்சரை நல்ல தண்ணீரால் கழுவி, வெளிப்பக்கத்தை எலி புகாத கம்பிவலையால் மூடுங்கள். தண்ணீரைப் பொறுத்தவரை கவனம் தேவை: உவர்ப்பான கிணற்று நீரால் கழுவினால் உப்பைக் கழுவுவதற்கு மாறாக உப்பை ஏற்றுகிறோம். பிளக்கைக் கழற்றிய பின்பே தண்ணீரைத் தொடவும். தடை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே வெறும் பெட்டியை ஓடவிட்டு, மைனஸ் 18 டிகிரிக்கு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால், பழுது இருந்தாலும் மீன் வருவதற்குள் சரிசெய்ய நாள் கிடைக்கும்.

அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். யார் வந்து வேலை செய்தாலும், ஒழுகிய இடம் எது, ஏற்றிய கேஸின் பெயர் என்ன, எத்தனை கிராம் என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டியின் பின்புறத்திலேயே ஒட்டிவிடுங்கள்.