அப்பா காலமாகிவிட்டார், அம்மாவுக்கு பென்ஷன் எப்படி மாற்றுவது?

வெள்ளவத்தை_மகள்:
அப்பா அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதம் 6ஆம் திகதி காலமானார். 10ஆம் திகதி பென்ஷன் வங்கிக்கு வந்துவிட்டது. செலவுக்கு அந்தக் காசை எடுக்கலாமா? அம்மாவும் ஓய்வு பெற்ற ஆசிரியை. தன் பென்ஷனோடு அப்பாவுடையதும் கிடைக்குமா? எங்கே தொடங்குவது?

கோப்புக்காரர்:
ஆழ்ந்த அனுதாபங்கள். முதலில், அந்தக் காசில் கை வைக்காதீர்கள். பென்ஷன் உரித்தாவது இறந்த நாள் வரைக்கும்தான். உதாரணமாக, மாதம் 60,000 ரூபா, 30 நாள் மாதம் என்றால் 6 நாளுக்கு 12,000தான் அப்பாவுடையது. மிச்சம் 48,000 அரசாங்கத்துக்குத் திரும்ப வேண்டியது. ஏடிஎம் கார்டால் எடுத்துவிட்டால் அம்மாவுக்கு வரப்போகும் தொகையில் கழிப்பார்கள், கணக்கைச் சரிபார்க்கும் வரை கோப்பும் இழுபடும். வங்கிக்கும் டி.எஸ். ஒபிஸுக்கும், அதாவது பிரதேச செயலகத்துக்கும், உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

அம்மாவுக்கு இரண்டும் கிடைக்கும். அவருடையது தன் சேவைக்கானது. மற்றது அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் கழித்த டபிள்யூ.ஓ.பி., அதாவது விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம். ஒன்று மற்றதைத் தடுக்காது.

ஜி_எஸ்_பக்கம்:
வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. ஆனால் அப்பாவின் பென்ஷன் கோப்பு எந்தப் பிரதேச செயலகத்தில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். ஊரில் பதிந்து, பிறகு கொழும்புக்கு வந்த குடும்பங்கள் இதில்தான் அலைகிறார்கள். பென்ஷன் அட்டையைப் பாருங்கள், சந்தேகமென்றால் 1970க்கு எடுத்துக் கேளுங்கள். அது மாளிகாவத்தையிலுள்ள ஓய்வூதியத் திணைக்களத்தின் இலக்கம்.

கொண்டுபோக வேண்டியவை: மரண அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவுப் பத்திரம், இருவரின் அடையாள அட்டைகள், அப்பாவின் பென்ஷன் அட்டை, அம்மாவின் தனிப் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம். மூலமும் போட்டோ கொப்பியும் இரண்டும் தேவை. விவாகப் பத்திரம் தொலைந்திருந்தால், பதிவு நடந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரதி கேட்கலாம்.

கோப்புக்காரர்:
பெரும்பாலும் சிக்குவது பெயரில். விவாகப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் தகப்பன் பெயரோடு இருக்கும், அடையாள அட்டையில் கணவன் பெயரோடு இருக்கும், அப்பா சேவையில் கொடுத்த விபரத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுபோனால், திருப்பி அனுப்புவதற்கு ஒரு காரணம் குறையும். எழுத்துப் பிழையே இருந்தால் சத்தியக் கடதாசி போதாது, பதிவைத் திருத்த வேண்டியிருக்கும்.

வெள்ளவத்தை_மகள்:
மிக்க நன்றி. மாற்றுவதற்கு மாதக்கணக்காகும் என்கிறார்கள். இடையில் உள்ள காசு போய்விடுமா? இன்னொன்று, தம்பி பிறவியிலேயே மாற்றுத்திறனாளி, அம்மாவோடுதான் இருக்கிறான்.

கோப்புக்காரர்:
போகாது. இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதுவரை அம்மாவின் சொந்த பென்ஷன் வழமைபோல வரும். அப்பாவுக்கு உரிய அந்த 6 நாள் பாக்கி வேறு விடயம், அது உரித்தாளிகளுக்குப் போவது. விண்ணப்பம் கொடுக்கும்போதே அதையும் கேளுங்கள்.

தம்பியின் விடயத்தைப் பிற்போடாதீர்கள். வேலை செய்து பிழைக்க இயலாத பிள்ளைக்கு, அம்மாவின் காலத்துக்குப் பிறகு அநாதைப் பங்கு உண்டு. இப்போதே அவர் பெயரைப் பிள்ளைகள் விபரத்தில் எழுதி, பிறப்புப் பத்திரத்தையும் அரச வைத்தியசாலை அறிக்கைகளையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். குறைபாடு சிறு வயதிலேயே இருந்தது என்பதைக் காட்டும் பழைய கிளினிக் புத்தகம், விசேட பாடசாலைக் கடிதம் எதையும் எறியாதீர்கள். பிற்காலத்தில் மருத்துவச் சபை கேட்பது அதைத்தான், அப்போது தேடி எடுப்பது மிகக் கடினம்.

ஜி_எஸ்_பக்கம்:
அம்மா வருடாந்த உயிர்வாழ் சான்றிதழைத் தன் பென்ஷனுக்கும் இதற்கும் தவறாமல் கொடுக்க வேண்டும். விட்டால் கொடுப்பனவு நின்றுவிடும். ஒப்படைக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள்.