சோலார் ஹீட்டர் டேங்கில் ஓட்டை: "உப்புத் தண்ணி, வாரண்டி வராதுங்க" என்றார்கள்

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். போர் தண்ணீர்தான் புழக்கம். 2022இல் மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம். டேங்குக்கு ஐந்து வருட வாரண்டி. இரண்டு வருடம் முடிவதற்குள் அடியில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. உள் டேங்கில் வெல்டிங் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை.

கம்பெனி ஆள் வந்தார். டேங்கைத் தொடுவதற்கு முன்பே பையிலிருந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் விட்டார். 1,800 காட்டியது. "தண்ணி ரொம்ப உப்புங்க சார். இதுக்கெல்லாம் வாரண்டி வராதுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். கடையில் கேட்டால், "வித்ததோட எங்க வேலை முடிஞ்சுதுங்க, கம்பெனியைக் கேளுங்க." கம்பெனியில் கேட்டால், "மாட்டினது டீலர் ஆளுங்க, அவங்களைக் கேளுங்க." ஒரு மாதம் இப்படியே போனது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். அத்தனை நாளும் விறகடுப்பில்தான் வெந்நீர்.

எனக்கு ஆறவே இல்லை. கடைக்காரர் நேரில் வந்து மாடி ஏறிப் பார்த்து, போர் எத்தனை அடி என்றுகூட விசாரித்துவிட்டுத்தான் இந்த மாடலைச் சொன்னார். உப்புத் தண்ணீருக்கு ஆகாது என்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கார்டு கைக்கு வந்ததே பணம் கட்டி, மாட்டி முடித்த பிறகுதான். காட்டாத நிபந்தனைக்கு நான் எப்படிக் கட்டுப்பட முடியும்?

வழி காட்டியது ஒரு மஞ்சள் தாள். என் மனைவி பழைய ஃபைலில் தேடி எடுத்துத் தந்தார். ஆர்டர் படிவத்தின் கார்பன் காப்பி. அதில் 'நீர் ஆதாரம்' என்ற இடத்தில் கடைக்காரர் தன் கையாலேயே 'போர்வெல்' என்று எழுதியிருந்தார்.

முதலில் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிந்தேன். கம்பெனி இறங்கி வந்து, புது டேங்கில் தள்ளுபடி தருகிறோம் என்றது. வேண்டாம் என்றேன். அப்புறம் கடை, கம்பெனி இரண்டுக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதிலே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே மனு எழுதிக் கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போட 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. எதிர்தரப்பில் இருவரையுமே சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவர்மேல் கை காட்டிவிடுவார்.

மஞ்சள் தாளின் நகலைப் பார்த்த பிறகு கம்பெனி வக்கீலே சமரசத்துக்குப் போகலாம் என்றார். புது டேங்க் இலவசம், மாட்டும் கூலி கடையினுடையது என்று முடிந்தது. மொத்தம் எட்டு மாதம் ஆனது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

திருப்பூர் உறுப்பினர்:
எங்களுக்கு ஸ்பிளிட் ஏசியில். மாட்டிய மூன்றாம் மாதமே குளிர்ச்சி போய்விட்டது. வந்தவர் காஸ் நிரப்பிவிட்டுப் போனார். அடுத்த கோடையில் மறுபடி காலி. மூன்றாவது தடவை வந்த தம்பிதான் சோப்பு நுரை வைத்துப் பார்த்து, வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டில் கசிகிறது என்று கண்டுபிடித்தார். மாட்டும்போதே சரியாக முறுக்கவில்லை. அதற்குள் முதல் வருட வாரண்டி முடிந்துவிட்டது. கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், காஸும் குழாயும் அதில் சேராது.

என்னிடம் இருந்தது முந்தைய இரண்டு சர்வீஸ் தாள்கள். இரண்டுமே வாரண்டிக் காலத்துக்குள் வந்தவை, இரண்டிலும் 'காஸ் நிரப்பப்பட்டது' என்றே இருந்தது. அப்படியென்றால் இது வாரண்டிக்குள் சொல்லி நீங்கள் சரிசெய்யாமல் விட்ட அதே பழுதுதானே என்று கேட்டு எழுதினேன். இலவசமாகச் செய்து கொடுத்தார்கள், ஆணையம் வரை போகவில்லை.

இன்னொன்று. வேலை முடியும் முன்பே ஓடிபி கேட்பார்கள். கொடுத்த உடனே அவர்கள் கணினியில் குறை தீர்ந்தது என்று ஏறிவிடும். மெஷின் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், அப்புறம் கொடுங்கள்.

திண்டுக்கல் உறுப்பினர்:
எனக்குக் கிடைக்கவில்லை. இதே சோலார் டேங்க்தான், சொட்டுகிறது என்றதும் அவசரப்பட்டு உள்ளூர் வெல்டரைக் கூப்பிட்டு அடைத்துவிட்டேன். கம்பெனி ஆள் வந்து போட்டோ எடுத்தார், வெளியாள் பிரித்தது என்று எழுதினார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? தயவுசெய்து கம்பெனி ஆள் பார்த்து எழுதித் தரும் வரை யாரையும் கை வைக்க விடாதீர்கள். வாளி வைத்துச் சமாளியுங்கள்.

மதுரை உறுப்பினர்:
பொருள் கெட்டதோடு நிற்காமல் வீட்டையும் கெடுத்துவிட்டால் அது தனி உரிமை. எங்கள் ஆர்ஓ ஃபில்டரில் இணைப்புக் குழாய் இரவில் கழன்று, சமையலறை மர அலமாரி முழுக்க ஊறி உப்பிவிட்டது. ஃபில்டரை மாற்றித் தருகிறோம், அலமாரிக்கு வாரண்டி இல்லை என்றார்கள். நான் வாரண்டியே கேட்கவில்லை. 2019 சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. குறையுள்ள பொருளாலோ குறையுள்ள சேவையாலோ நமது மற்ற உடைமைக்கு வந்த சேதத்துக்கு, தயாரித்தவர், விற்றவர், சேவை செய்தவர் என்று தவறியவரிடம் ஈடு கேட்கலாம். தச்சரிடம் மதிப்பீடு வாங்கி, ஊறிய பலகைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். நோட்டீஸ் போனதும் பாதிக்கு மேல் கொடுத்தார்கள். முழுதும் வரவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

கரூர் உறுப்பினர்:
அண்ணா, என் இன்வெர்ட்டர் பேட்டரி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கடையில் இன்று நாளை என்று இழுக்கிறார்கள். கார்டில் தேதியும் சீலும் போடவில்லை. இனி மனு போட முடியுமா?

பொள்ளாச்சி உறுப்பினர் (தொடங்கியவர்):
முடியும், ஆனால் உடனே செய்யுங்கள் தம்பி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போய்விட வேண்டும். அதற்குமேல் என்றால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஆணையம் ஏற்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்லும் 'நாளை'யை நம்பி நாளை விடாதீர்கள். கார்டில் சீல் இல்லாவிட்டால் பில் போதும். பில்லும் இல்லையென்றால் பணம் அனுப்பிய வங்கிப் பதிவை எடுங்கள். இதுவரை கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பேட்டரியின் சீரியல் எண் தெரிகிற மாதிரி போட்டோ ஒன்றும் வேண்டும். பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது, அது மட்டும் வேண்டாம்.

எங்கள் புது டேங்க் வந்தபோது தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கையின் நகலைக் கடைக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மஞ்சள் தாளோடு அதுவும் ஃபைலில் இருக்கிறது.