மறுமொழி: 'ஷாம் அக்குபஞ்சர்' – 'போலி'யை முன்னால் வைக்க வேண்டாம்

வணக்கம். அக்குபஞ்சர் ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு முறையான சிகிச்சை தருவார்கள், ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவுக்கு அதுபோலவே தோன்றும் ஒன்றைத் தருவார்கள். அந்த இரண்டாவதுதான் 'ஷாம்' (sham). அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'போலி அக்குபஞ்சர்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறு மாதிரி புரியும். முழங்கால் வலி ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான். "உங்களுக்குப் போலி அக்குபஞ்சர் அளிக்கப்படவும் வாய்ப்புண்டு" என்ற வரியைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "போலி டாக்டரைப் பிடிச்சுட்டாங்கன்னு பேப்பர்ல வருமே, அந்த ஆளாப்பா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று முன்னால் வந்துவிட்டாலே அது மோசடிதான். 'போலி ஊசி' இன்னும் வம்பு. நம் ஊரில் ஊசி என்றால் மருந்து ஏற்றிப் போடுவது.

இதே சொல் பின்னால் போனால் அடங்கிவிடுகிறது. மருந்துப்போலி (மருந்து போலவே இருக்கும், மருந்தில்லாத மாத்திரை, placebo) என்பதில் மோசடி வாடையே இல்லை. இலக்கணத்திலும் அப்படித்தான்: அகம் 'அகன்' ஆகும், ஐந்து 'அஞ்சு' ஆகும், எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதைப் போலி என்கிறோம். அக்குபஞ்சர் ஆய்வாளர்களை இன்றுவரை குழப்பிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். 2007இல் வெளிவந்த ஜெர்மன் முதுகுவலி ஆய்வில் 1,162 பேர். முறைப்படி குத்திக்கொண்டவர்களில் ஆறு மாதம் கழித்து 47.6 சதவீதத்தினருக்குப் பலன். அக்குபஞ்சர் முறை சொல்லும் புள்ளிகள் அல்லாத இடங்களில், ஆழமில்லாமல் மேலாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சையில் 27.4.

> 'மெய்யூசி – பொய்யூசி' இணை அழகாக இருக்கிறது.

அழகுதான். பொய்க்கால் குதிரை ஆடுபவரை யாரும் பொய்யர் என்பதில்லை, அதுவும் சரி. ஆனால் மேலே சொன்ன எண்களை வைத்துக்கொண்டு ஒரு தரப்பு 'மேலாகக் குத்தினாலும் வேலை செய்கிறது' என்கிறது. இன்னொரு தரப்பு 'அப்படியானால் புள்ளிக் கணக்கெல்லாம் எதற்கு' என்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது. 'பொய்யூசி' என்று பெயர் வைத்தால் நாமே தீர்ப்பு எழுதிய மாதிரி ஆகிவிடும். கலைச்சொல்லுக்கு அந்த வேலை வேண்டாம்.

எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது வேறு. 'ஷாம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியம் ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் ஆய்வில் தோலுக்குள் போனது உண்மையான ஊசி. இடமும் ஆழமும்தான் வேறு. இன்னொரு வகையில் ஊசி உள்ளே போவதே இல்லை. ஸ்ட்ரைட்பெர்கர் என்ற ஆய்வாளர் 1998இல் லான்செட் மருத்துவ இதழில் விவரித்த ஊசிக்கு முனை மழுங்கல். தோலில் சின்ன வளையம் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அதன் வழியே ஊசியை அழுத்துவார்கள். முனை தோலைத் தொட்டதும் தண்டு பிடிக்குள் ஏறிவிடும், நாடகத்துக் கத்தி மாதிரி. பார்ப்பவருக்கு ஊசி இறங்கியதாகத்தான் தெரியும். இரண்டையும் போட்டுப் பார்த்த 60 பேரில், நிஜ ஊசி குத்தியதாக உணர்ந்தவர்கள் 54 பேர், இந்த ஊசி குத்தியதாக உணர்ந்தவர்கள் 47 பேர்! 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இன்னும் எளிமை: ஊசியை நேராக இறக்க உதவும் வழிகாட்டிக் குழாய்க்குள் பல்குத்தியை வைத்து, குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஒரு தட்டு. பெயரிலேயே குத்தை வைத்திருக்கும் சாமான், அங்கே போய்க் குத்தாமல் இருந்திருக்கிறது.

ஆகவே மூன்று சொல் முன்வைக்கிறேன். பொதுவாகச் சொல்ல 'குத்துப்போலி'. உள்ளே போகாத வகைக்கு 'குத்தா ஊசி'. வாடா மலர், பொய்யா விளக்கு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வாயிலும் சுலபமாக வருகிறது. இடம் மாற்றிக் குத்துவதற்குப் 'புறப்புள்ளிக் குத்து'. மூன்றாவது சொல் எனக்கே முழுத் திருப்தி இல்லை, இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

> நோயாளிக்கு இவ்வளவு பிரிவினை தேவையா?

தேவை, ஆபத்துப் பகுதிக்காகவாவது. ஜெர்மனியில் 97,733 பேரைக் கவனித்த ஒரு தொகுப்பில் வலி, ரத்தக் கட்டு, லேசான ரத்தக் கசிவு ஆகியவைதான் பெரும்பாலும் வந்தன. ஊசி நெஞ்சுக்கூட்டுக்குள் போய் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இரண்டே பேருக்கு. அரிதுதான், ஆனால் படிவத்தில் எழுதியாக வேண்டும். மார்பிலோ முதுகிலோ தோலுக்குள் ஊசி போகிறது என்றால் அது புறப்புள்ளியே ஆனாலும் அந்த வரி இருக்க வேண்டும். குத்தா ஊசிக்கு அந்த பயமே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது? (அந்தக் காற்று விவகாரத்துக்கு 'வளிமார்பு' என்கிறார்கள். படிவத்தில் நான் விரித்தே எழுதிவிட்டேன்.)

படிவத்தில் இப்போது இருப்பது: "குலுக்கல் முறையில் உங்களுக்கு அக்குபஞ்சர் ஊசியோ, தோலுக்குள் போகாத குத்தா ஊசியோ அமையும். எது என்று ஆய்வு முடியும்வரை உங்களுக்குச் சொல்லப்படாது."

நேற்று பெரியம்மாவிடம் மறுபடி வாசித்தேன். இந்த முறை டாக்டர்மேல் சந்தேகம் வரவில்லை. "குத்தாததே இருக்கும்போது எனக்கு அதையே போடச் சொல்லேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுக்க வேண்டும். 'குத்தா ஊசி' என்று பிரித்தா, 'குத்தாவூசி' என்று சேர்த்தா? அதை மட்டும் யாராவது முடித்துக் கொடுங்கள்.