அம்மா விழுந்தா உடனே தெரியணும்: வாட்சா, ரேடாரா?

குளச்சல்_மகன்:
அம்மாவுக்கு 78 வயசு, பார்க்கின்சன்ஸ் (நடுக்குவாதம்). குளச்சல் பக்கம் வீட்டில் தனியா இருக்காங்க, சித்தி ரெண்டு வீடு தள்ளி. கேமரா வேண்டாம்னு உறுதியா சொல்லிட்டாங்க. மழை வந்தா கரண்டும் நெட்டும் போயிடும். எதை வாங்கலாம்?

கைக்கடிகாரம்:
வாட்ச் பிடிக்கிறது தடால்னு விழுறதைத்தான். கட்டில் ஓரத்திலிருந்து சரிஞ்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டே தரையில உக்கார்ந்துட்டா அதுக்குத் தெரியாமலே போகலாம். பார்க்கின்சன்ஸ்ல அதுவும் சகஜம். ஆப்பிள் வாட்ச் (சீரிஸ் 4 முதல்) விழுந்தவர் ஒரு நிமிஷம் போல அசையலைன்னா, 30 வினாடி எண்ணிட்டு அவசர எண்ணுக்கு அழைக்கும். அசைவு தெரிஞ்சா தானா அழைக்காது, பதிலுக்குக் காத்திருக்கும். அதனால நடுக்கம் குறைவான கையில கட்டுங்க. ஜிபிஎஸ் மட்டும் உள்ள, சிம் வசதி இல்லாத மாடல்னா ஐபோனும் பக்கத்தில் இருக்கணும். ராத்திரி சார்ஜ் போடாதீங்க, பாத்ரூம் போக எழுந்திரிக்கிற நேரம் அது. மத்தியானம் சாப்பிட்டு உக்கார்ந்திருக்கும்போது போடலாம்.

தக்கலை_எலக்ட்ரீஷியன்:
பாத்ரூமுக்கு ரேடார் நல்லது; ரேடியோ அலையை வச்சு ஆள் அசையுறதையும் விழுறதையும் கண்டுபிடிக்கிற சென்சார் அது, படம் எடுக்காது. சுவரில் ஒன்றரை முதல் ரெண்டு மீட்டர் உயரம், சரியான அளவு அதோட கையேட்டில் இருக்கும். சுத்துற ஃபேன், ஆடுற திரை, தொங்குற ஈரத்துண்டு எதுவும் அதன் பார்வையில் படக்கூடாது. ஸ்டூல்ல உக்கார்ந்து குளிப்பாங்கன்னா அதையே விழுந்ததா எடுத்து அலாரம் அடிக்கலாம். உக்கார வச்சுப் பார்த்து செட்டிங்கை மாத்துங்க. ரவுட்டருக்கும் சென்சாருக்கும் மினி யுபிஎஸ் வைங்க, வாங்குறதுக்கு முன்னாடி அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்க. ஃபைபர் அறுந்தா அதுவும் உதவாது, சிம் போடுற அலாரம் ஒண்ணு தனியா வேணும். 2ஜி மட்டும் உள்ள கருவின்னா ஜியோ சிம் வேலை செய்யாது.

பிசியோ_அக்கா:
மக்கா, கருவிக்கு முன்னாடி பாத்ரூம் கதவைப் பாருங்க. உள்பக்கமா திறக்கிற கதவுன்னா, விழுந்தவங்க உடம்பே அதை அடைச்சிடும். வெளியே திறக்கிற மாதிரி மாத்துங்க. உள்தாழ்ப்பாளை எடுத்துட்டு, வெளியிலிருந்து காசை வச்சுத் திருகித் திறக்கிற பூட்டு போடுங்க. சித்தி கையில வாசல் சாவி இருக்கணும். சாவி இல்லாம அலாரம் அடிச்சு என்ன பிரயோஜனம்?

பாத்ரூமில் இழுக்கிற கயிறும் கட்டுங்க. சிவப்பு வளையம் ரெண்டு: ஒண்ணு 80-100 செ.மீ. உயரத்தில், இன்னொண்ணு தரையிலிருந்து 10 செ.மீ.ல. படுத்த நிலையில் கைக்கு எட்டுறது கீழே உள்ளதுதான், அதை யாரும் சுருட்டி மேலே கட்டிடக்கூடாது. மணி சித்தி வீட்டில் அடிக்கணும்.

விழுந்தவங்க ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பியிருந்தா இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கலாம்; தூக்காதீங்க, 108 கூப்பிடுங்க.

தக்கலை_எலக்ட்ரீஷியன்:
அந்தக் கயிற்றை மாசம் ஒரு தடவை இழுத்துப் பாருங்க. உப்புக்காத்துல ஸ்விட்சுக்குள்ள களிம்பு பிடிச்சு, வெளியே பளபளன்னு இருந்தாலும் மணி அடிக்காது.