பிரீமியர் பத்மினி உள்பக்க வேலை: டோர் பேட், சீலிங், சீட்டுக்கு மாற்றுப் பொருள் எது?

நாலுகதவு:
வணக்கம். வண்டி 1978 பத்மினி கார். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்தது, இனி உள்பக்கம்தான் பாக்கி. நாலு டோர் பேடிலும் (கதவின் உள்பக்க மூடுபலகை) ஹார்ட்போர்டு அடிப்பக்கம் உப்பி உதிர்கிறது. சீலிங் வினைல் பழுப்பேறி, தையல் ஓரமெல்லாம் கிழிசல். சீட் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் மேலிருந்த நார்ப் பட்டை பொடியாகக் கொட்டுகிறது. டோருக்கு சன்போர்டு, சீலிங்குக்கு ஃபோம் ஒட்டிய துணி, சீட்டுக்கு பியூ லெதர் (பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல்) போடச் சொல்கிறார்கள். பார்க்க அந்தக் காலத்து வண்டியாகவே இருக்க வேண்டும், வெயில் மழையும் தாங்க வேண்டும். எது சரி?

ரோல்_ரெக்ஸின்:
மூன்றுமே வேண்டாம் சார். டோரிலிருந்து வருகிறேன்.

சன்போர்டு என்பது பிவிசி ஃபோம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் அது இளகி வளையும். கிளிப் மாட்டும் ஓட்டையும் இரண்டு முறை கழற்றி மாட்டினால் கிழிந்துவிடும். எம்டிஎஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை) இன்னும் மோசம், ஒரு மழைக்காலம் போதும். 3 மிமீ மெரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) எடுங்கள். தடிமன் 3 மிமீ-ஐத் தாண்டக் கூடாது. 4 மிமீ போட்டால் கிளிப்பின் கால் டோர் தகட்டுக்குள் முழுதாக இறங்காது, கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் பேட் கழன்று வரும். பழையபடியே ஹார்ட்போர்டு வேண்டுமென்றாலும் தப்பில்லை. எது போட்டாலும் வெட்டி, ஓட்டை போட்ட பிறகு, இரண்டு பக்கமும் ஓரங்களும் ஓட்டைகளின் உள்விளிம்பும் சேர்த்து பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால், அடிக்காத பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும்.

பழைய பலகை அடிப்பக்கம் உதிர்ந்திருப்பதால் அதை அச்சாக நம்ப முடியாது. டோர் தகட்டின் மேல் பிரவுன் பேப்பரை டேப் போட்டு ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். கிளிப் ஓட்டை, கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் ஹேண்டில் எல்லாம் பேப்பரில் பதிந்துவிடும். பலகையைச் சுற்றிலும் 2 மிமீ குறைத்து வெட்டுங்கள், ரெக்ஸின் மடங்கும் தடிமனுக்கு அந்த இடம் வேண்டும். பின்பக்கம் மடிப்பு 20 மிமீ. ஸ்டேப்ளர் பின் 4 மிமீ கால் உள்ளதாக இருக்கட்டும். 6 மிமீ பின் பலகையைத் துளைத்து முன்பக்க ரெக்ஸினைக் குத்தும்.

இதையெல்லாம் விட முக்கியம், பலகை ஏன் உப்பியது என்பது. கண்ணாடி ஓர ரப்பர் வழியாகத் தண்ணீர் டோருக்குள் இறங்கத்தான் செய்யும், அடியிலுள்ள ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். பெயின்ட் வேலையில் புட்டி அந்த ஓட்டையை அடைத்திருக்கும், முதலில் அதைக் கம்பி விட்டுத் திறங்கள். பிறகு தகட்டின் மேல் 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டி, அதன் அடி ஓரத்தை டோரின் உள்ளே செருகுங்கள். வெளியே தொங்க விட்டால் ஷீட்டில் வழியும் தண்ணீர் நேராகப் பலகையின் காலில் விழும். புதுப் பலகை போட்டும் மறுவருஷம் உப்பும் வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஷீட் இருக்காது.

வில்கம்பி:
சீலிங் பற்றி. ஃபோம் ஒட்டிய துணி, இப்போதைய வண்டிகளில் வரும் அச்சுப் பலகையில் ஒட்டுவதற்கானது. பத்மினியில் சீலிங் கம்பியில் தொங்குகிறது, ஒட்டப் பலகையே கிடையாது. கூரைத் தகட்டிலேயே ஒட்டினால் அந்தச் சூட்டில் ஃபோம் பொடியாகி, துணி தலையில் தொங்கும். கம்பி சீலிங்குக்கென்றே பொடி ஓட்டை போட்ட மெல்லிய வெள்ளை வினைல் வருகிறது, அதைத் தேடுங்கள். சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ரோல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சீட் ரெக்ஸினைக் கொண்டு சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். தடிமனால் மூலையில் சுருக்கம் எடுக்கவே முடியாது.

கம்பிகளைக் கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக நம்பர் போட்டு, இடது வலதும் குறித்துவிடுங்கள். ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. பழைய சீலிங்கைத் தையல் பிரித்து அதையே பேட்டர்னாக வையுங்கள், ஆனால் நான்கு ஓரமும் 5 செமீ கூடுதலாக விடுங்கள். பழையது சுருங்கியிருக்கும். கம்பி நுழையும் துணிப் பையை இரண்டு முனையிலும் ஓரம் வரை கொண்டு போகாமல் சற்று முன்பே நிறுத்தித் தையுங்கள். நீளம் மிஞ்சினால் ஓரத்தில் வரி வரியாக மடிப்பு விழும்.

மாட்டும் நாளில் வினைலை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு இளக்குங்கள். முதலில் முன் நடு, பின் நடு, பிறகுதான் பக்கங்கள். எல்லாவற்றையும் கிளிப்பால் பிடித்து, தையல்கள் குறுக்கே நேராக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே பசை. சூடு தாங்கும் காண்டாக்ட் பசை வாங்கி இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். சாதா ரப்பர் பசையில், துணி முதுகு இல்லாத வினைலிலிருந்து கசியும் எண்ணெய் சேர்ந்து பசை கூழாகிவிடும். ஓரம் விட்டு வருவதற்கு அதுதான் காரணம், கை வேலை குறையில்லை.

குஷன்_தையல்:
சீட்டுக்கு மாற்றே தேட வேண்டாம் நண்பரே. அந்த நார்ப் பட்டை ரப்பர் சேர்த்த தேங்காய் நார், மெத்தைக்காக இன்றும் செய்கிறார்கள். மெத்தை செய்பவர்களிடம் 25 மிமீ ஷீட் வாங்குங்கள். ஸ்பிரிங் மேல் முதலில் கெட்டிச் சாக்குத் துணி, அதை ஸ்பிரிங்கோடு நூலால் கட்டி, மேலே நார், அதன் மேல் 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி) ஃபோம் 25 மிமீ. ஃபோமை நேரே ஸ்பிரிங் மேல் வைத்தால் கம்பி அதை அரைத்துத் தின்றுவிடும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 4 இஞ்ச் ஃபோம் பிளாக் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உட்காரும் உயரம் மாறி, ஸ்டீயரிங் தொடையை இடிக்கும். அதைச் செய்யாதீர்கள்.

பியூ லெதர் கடலோர ஈரத்தில் சில வருஷத்தில் தோல் தோலாக உரியும். வண்டிக்கென்று வரும் பிவிசி ரெக்ஸின்தான் சரி. சோபா ரெக்ஸின் வெயிலில் விறைத்து வெடிக்கும். சீட்டுக்குப் பின்னல் துணி முதுகு உள்ளது (இழுவை கொடுக்கும்), டோருக்கு நெய்த துணி முதுகு. அகலம் 54 இஞ்ச் ரோலில் இரண்டு சீட்டுக்கும் நாலு டோருக்கும் 12 மீட்டர் கணக்கு வையுங்கள், ஒரே ரோலில் வெட்டி வாங்குங்கள். லாட் மாறினால் நிறம் மாறும்.

பழைய பேட்களில் கோடுகள் சூட்டில் அழுத்திப் போட்டவை. அதற்குப் பதில் 5 மிமீ ஃபோம் வைத்துத் தையல் போடலாம். தையல் நீளம் 4 மிமீக்குக் குறையக் கூடாது, நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழியும். நூல் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் இற்றுவிடும்.

நாலுகதவு:
நன்றி. தரைக்கு சணல் ஃபெல்ட் போட்டு மேலே கார்பெட் விரிக்கலாமா?

ரோல்_ரெக்ஸின்:
ஃபெல்ட் வேண்டாம் சார், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், புதுப் பெயின்டுக்கு அடியில் துரு பிடிக்கும். தண்ணீர் ஏறாத எக்ஸ்எல்பிஇ (பாலித்தீன் ஃபோம்) ஷீட் 5 மிமீ போடுங்கள். கால் வைக்கும் பள்ளத்தில் மட்டும் ஒட்டாமல் சும்மா விரியுங்கள், மழை பெய்த மறுநாள் தூக்கிக் காய வைக்க முடியும்.