வெள்ளத்துல வீடு போன வயசான அப்பா, அம்மா: எதை முதல்ல பாக்கணும்?

கேள்வி: ஆத்தோரம்

நாவலப்பிட்டிப் பக்கம், மகாவலிக் கரையில வீடு. தண்ணி நாலடி நின்னு வடிஞ்சது. பின்சுவர் விழுந்துருச்சு, பின்னால மேட்டுல நிலமும் வெடிச்சிருக்கு. அப்பாவுக்கு 74 வயசு, சுகர், பிரஷர். அம்மாவுக்கு 69, முழங்கால் வலி. இப்ப ரெண்டு பேரும் பள்ளிக்கூட முகாம்ல இருக்காங்க. கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் சேத்துக்குள்ள. உடனே கொழும்புக்குக் கூட்டிட்டு வரலாமா? அப்பா வீட்டைக் கழுவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்.

பதில்: மருந்துப்பெட்டி

வீடு காத்திருக்கும், மருந்து காத்திருக்காது. அப்பா கிளினிக் போற ஆஸ்பத்திரிக்கே போங்க. கொப்பி இல்லாட்டியும் பழைய மாத்திரை அட்டை, வெறும் கவர் இருந்தாக்கூட கொண்டு போங்க. பேர் தெரியாம "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு"ன்னு சொன்னா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. வெள்ளத்துல நனைஞ்ச மாத்திரையும் இன்சுலினும் குப்பைக்குத்தான். விட்டுப்போன நாளுக்குச் சேத்து ரெண்டு மடங்கு போடக் கூடாது. அட்டெனலோல் மாதிரி பிரஷர் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். அதனால முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போறது நல்லது.

முகாம்ல அதிகம் நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. கிளிக்ளசைட் போல சுகர் மாத்திரையைப் போட்டுட்டு சோத்துப் பார்சலுக்குக் காத்திருப்பாங்க. பார்சல் ரெண்டு மணி நேரம் பிந்தினா சுகர் இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சாப்பாடு கைக்கு வந்த பிறகு மாத்திரை போடச் சொல்லுங்க. சட்டைப்பையில எப்பவும் சீனி இருக்கட்டும். இறங்கினா மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும், 15 நிமிஷத்துல தெளியாட்டி திரும்பவும் அதே அளவு. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க.

அடுத்தது தண்ணி. முகாம் கக்கூஸ் தூரமா, இருட்டா இருந்தா அம்மாமார் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திடுவாங்க. ரெண்டு மூணு நாள்ல மூத்திரக் கடுப்பு, அப்புறம் காய்ச்சல். வயசானவங்களுக்குக் காய்ச்சல் தெரியாமலே பேச்சு மாத்திரம் தடுமாறும். "வீடு போன கவலை"ன்னு விட்றாதீங்க, திடீர்த் தடுமாற்றம்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஒரு டோர்ச், வழுக்காத செருப்பு, ராத்திரிக்கு மூடி போட்ட வாளி, இதுக்கு மேல பெருசா ஒண்ணும் வேணாம். சிமெந்துத் தரையில வெறும் பாயில படுக்க விடாதீங்க. காட்போட் மட்டையோ பழைய மெத்தையோ கீழ போடுங்க. நம்ம ஊர்க் குளிர் தரையில இருந்துதான் ஏறும்.

பதில்: கச்சேரிப்படி

கொழும்புக்கு மாத்துறதுன்னா மாத்துங்க, ஆனா பதிவை முடிச்சிட்டு. கிராம சேவகர்கிட்ட ரெண்டு பேர் பேரும் சேதமும் பதிஞ்சிருக்கான்னு பட்டியல்ல கண்ணால பாருங்க. கழுவுறதுக்கு முன்னாடி சுவர்ல தண்ணி நின்ன கோடு, விழுந்த பக்கம், சாமான் எல்லாத்தையும் படம் எடுங்க. கழுவிட்டா அந்தக் கோடும் போயிடும்.

பொலிஸ் முறைப்பாட்டுல தொலைஞ்ச ஒவ்வொண்ணையும் பேர் சொல்லி எழுதுங்க. "ஆவணங்கள் தொலைந்தன"ன்னு பொதுவா எழுதினா ஒவ்வொரு அலுவலகத்துலயும் திருப்பி அனுப்புவாங்க. புது அடையாள அட்டைக்கு முறைப்பாட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கையெழுத்து வேணும். பிறப்புப் பதிவான இடத்து பிரதேச செயலகத்துல சான்றிதழ்ப் பிரதி கிடைக்கும்.

தேயிலைத் தோட்டத்துல பிறந்தவங்கன்னா பேர்ல சிக்கல் வரும். ஒரு கடதாசியில ராமாயி, இன்னொண்ணுல ராமாய், சேமலாப நிதியில வேற எழுத்து. சமாதான நீதவான் முன்னாடி ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு வைங்க. பழைய பிரஜாவுரிமைப் பத்திரமும் வெள்ளத்துல போயிருந்தா தனியா குறிச்சு வைங்க. அதைப் பத்திக் கேக்கிற இடம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அடகுச் சீட்டு போயிருந்தா அடகு வச்ச இடத்துக்கு அன்னைக்கே சொல்லுங்க, சீட்டு வேற கையில கிடைச்சா நகை போயிடும்.

சேறு பட்ட கடதாசியைப் பிரிக்கப் போனா கிழியும். தட்டுல சுத்தத் தண்ணி விட்டு ஆட்டிக் கழுவி, வெள்ளைத் துணியில நிழல்ல காய வைங்க. அடுப்புக்கு மேல வேணாம். ஒட்டிக்கிட்டதைப் பொலித்தீன்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சா பூஞ்சை பிடிக்காது, பிறகு ஆறுதலா பிரிக்கலாம்.

பதில்: மண்மேடு

சுவரை விடுங்க, அந்த வெடிப்புத்தான் பெரிய விஷயம். மண்சரிவு ஆபத்தைச் சோதிக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆட்கள் வந்து பாக்கிற வரைக்கும் அப்பாவை அங்க தூங்க விடாதீங்க. கிராம சேவகர் இல்லாட்டி பிரதேச செயலகம் ஊடா எழுத்துல கேளுங்க. அதுவரைக்கும் வெடிப்பைக் களிமண்ணால அடைச்சு மேல பொலித்தீன் போடணும், தண்ணி உள்ள இறங்கினா சரிவு வழுக்கும். ஆனா மழை நேரத்துல அந்தப் பக்கமே போகக் கூடாது. மரம் சாயுறது, கதவு திடீர்னு இறுகுறது, ஊத்துத் தண்ணி கலங்குறது எல்லாம் ஓட வேண்டிய அறிகுறி.

மழையை நீங்களே அளக்கலாம். நேரான பக்கமுள்ள தகர டின்னை வெளியில வச்சு அடிமட்டத்தால அளங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர்னா கவனம், 100 தாண்டினா தயாரா இருக்கணும், 150 தாண்டினா வெளியேறணும்.

கழுவ அனுமதி கிடைச்சா கரண்ட் மெயினை நிறுத்திட்டு, ஆள் வந்து சோதிக்கிற வரைக்கும் போடாதீங்க. முதல்ல சேத்தை வழிச்சு, சவுக்காரம் போட்டுத் தேய்க்கணும். அதுக்குப் பிறகு 5 லீட்டர் தண்ணிக்கு ஒரு டம்ளர் ப்ளீச், பத்து நிமிஷம் ஊறட்டும். சேத்து மேல ஊத்தினா ப்ளீச் செத்துப் போகும். கக்கூஸ் கழுவுற அசிட்டோட கலந்தா விஷவாயு வரும். பூட்ஸ், கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் வராம போடுற டொக்சிசைக்ளின் மாத்திரை பத்தி பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கிட்ட கேளுங்க, அவர் சொன்னா மட்டும் போடலாம்.

சுவர் காயாம பூசாதீங்க. பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் பனிச்சிருந்தா ஈரம் இருக்கு. நம்ம பனியில வாரக்கணக்கு ஆகும்.

கேள்வி: ஆத்தோரம்

எல்லாம் சரி. அப்பா கேக்க மாட்டேங்கிறாரே?

பதில்: மருந்துப்பெட்டி

"போகாதீங்க" மட்டும் சொன்னா கேக்க மாட்டார். பாதுகாப்புன்னு எழுத்துல வந்த பிறகு, மழை இல்லாத பகல்ல, கூட ரெண்டு பேரோட ஒரு மணி நேரம் போய் அவரா பாக்கட்டும். வேணும்கிற மூணு சாமானை எடுத்துக்கிட்டு வரட்டும். அதுவரைக்கும் சேதப் பட்டியலை அவரையே சொல்ல வைங்க, எந்த அறையில என்ன இருந்ததுன்னு அவருக்குத்தான் தெரியும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் இல்லாட்டி 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அடிச்சுப் பேசலாம். கொழும்புக்குப் போறதை கிளினிக் மாத்துற கடிதம் கையில வந்த பிறகு யோசிங்க.